ராகுகாலத்துக்கு ஸ்பானிஷில் என்ன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தா.பழூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் நித்யா, தட்டில் கறிக்குழம்பு ஆறுவதுகூடத் தெரியாமல் செல்போனைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெயுனியோன்... ஆ கே ஓரா... அப்லதார்..."

பேய் கீய் பிடித்துவிட்டதோ? இல்லை, ஸ்பானிஷ்!

நித்யாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தேதான். ஸ்பெயினில் இருக்கும் கிளையண்டோடு மீட்டிங்குக்கு நேரம் பேசுவது அவள் பொறுப்பு. ரெயுனியோன் என்றால் மீட்டிங். ஆ கே ஓரா என்றால் எத்தனை மணிக்கு. அப்லதார் என்றால் தள்ளிப்போடுவது.

"எடுத்த எடுப்புல தள்ளிப்போடவா கத்துக்கிற? பேசாம கவர்ன்மென்ட் வேலைக்குப் போயிருக்கலாமே!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"வெளயாடாதீங்க மாமா. நானே நடத்தப்போற மொத மீட்டிங். இது நல்லா நடந்தாத்தான் வேலைய நிரந்தரம் பண்ணுவாங்க. மேனேஜர் செவ்வாக்கெழம மூணு மணிக்கு வச்சுட்டாரு."

"அதுக்கென்ன?"

"மூணுலேர்ந்து நாலரை ராகுகாலம்ல!"

பி.இ. முடித்த பெண். ராகுகாலத்தில் போனுக்கு ரீசார்ஜ்கூடச் செய்யமாட்டாள். எனக்கோ இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது — பெண் பார்க்கப் போனது, புதுமனை புகுந்தது, பைக் வாங்கியது தவிர.

"மேனேஜர்கிட்ட சொல்லிப் பாரேன்."

"சொன்னேன் மாமா. இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிளையண்டுக்குத் தெரிஞ்சா கம்பெனி மானமே போயிடும்னு திட்டிட்டாரு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கிண்டல் செய்ய வந்த எனக்கே பாவமாகப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்! கிளையண்ட் பக்கத்து லூசியா மேடமே மீட்டிங்கைப் புதன்கிழமைக்கு மாற்றச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறாராம். காரணம்? அந்தச் செவ்வாய்க்கிழமை, தேதி பதிமூன்று. அவர்கள் ஊரில் செவ்வாயும் பதிமூன்றும் சேர்ந்து வந்தால் ஆகாதாம். புதிதாக எதையும் தொடங்கமாட்டாராம்!

மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா?

"கிளையண்டோட கல்ச்சரை நாம மதிக்கணும்."

எனக்கு வந்ததே கோபம்! அரியலூர் மாவட்டத்தில் பயந்தால் மூடநம்பிக்கை, ஸ்பெயினில் பயந்தால் கல்ச்சரா? என்னய்யா நியாயம் இது?

ஆனால் நித்யாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. புதன்கிழமை மீட்டிங் நல்லபடியாக முடிந்ததும், மேனேஜரை வைத்துக்கொண்டே லூசியாவிடம் ராகுகாலத்தைப் பற்றிப் போட்டு உடைத்துவிட்டாள். ஸ்கிரீனில் மேனேஜர் முகம் வெளுத்துவிட்டதாம்.

லூசியா சிரிக்கவில்லை. "தினமும் வருமா? எத்தனை மணிக்கு?" என்று அக்கறையாகக் கேட்டு, வாரம் முழுவதற்கும் குறித்து அனுப்பச் சொன்னாராம்.

நித்யாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ராகுகாலத்தில் இப்போது மீட்டிங்கே கிடையாது.

எமகண்டம் என்று இன்னொன்று இருப்பதை மட்டும் அந்தம்மாவிடம் சொல்லிவிடாதே என்று மேனேஜர் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்!