எட்டாம் நாள் இலையில் வைக்காத சாப்பாடு

யாழ்ப்பாணத்து வடமராட்சியின் கடலோரக் கிராமமொன்றில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணா. எங்களைப் பெற்ற ஐயா வேளைக்கே காலமாகிவிட, இளவயதிலேயே கப்பலேறினார். பயணிகள் கப்பலொன்றின் சமையலறையில் வெங்காயம் உரிக்கத் தொடங்கியவர், பின்னர் ஷார்ஜாவில் ஒரு ஹோட்டலின் சமையற்காரரானார். என்னைப் படிப்பித்ததும், ஷார்ஜாவின் ரோலாப் பகுதிக்குக் கூப்பிட்டு வேலையில் சேர்த்துவிட்டதும் அவரே. கோபமே வராத மனிதர் என்று எழுதினால் அவரே எழும்பி வந்து சிரிப்பார். உப்புக் கூடினால் சட்டியையே கவிழ்த்துவிடுவார். ஆனால் யாரையும் ஒதுக்கத் தெரியாதவர்.

அதே கப்பலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தவர் அண்ணி. ஹொண்டுராஸ் நாட்டுக் கடற்கரையில் வாழும் கரிஃபுனா என்னும் கறுப்பின மக்களில் ஒருவர். இருவரும் மணம் முடித்த செய்தி ஊருக்குப் போனதும், "அவள் என்ர படலை திறக்கக் கூடாது" என்றார் அம்மா. அதன் பிறகு அண்ணாவோடு தொலைபேசியில் கதைப்பார். அண்ணி சுகமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணா அதை வெளியில் காட்டாவிட்டாலும் உள்ளுக்குள் வெந்துகொண்டுதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் அண்ணியின் சமையல். மலையாளிக் கடையில் நேந்திரங்காய் வாங்கி அவிப்பார். கொஞ்சம் பழுத்ததையும் சேர்த்து உரலில் போட்டு, களி போல வரும்வரை இடிப்பார். உள்ளியும் மிளகும் வெண்டிக்காயும் போட்ட தேங்காய்ப்பாலில் விளைமீன் வேகும். இடித்த உருண்டையைக் கையால் கிள்ளி அந்தப் பாலில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். ஹுடுட் என்று பெயர். முதல் தடவை உலக்கைச் சத்தம் கேட்டு, "கியா தோட் ரஹே ஹோ, பாய்?" என்று வாட்ச்மேன் பதறி ஓடிவந்தார். எதை உடைக்கிறீர்கள் என்று கேட்க வந்தவரையும் இருத்திச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார் அண்ணா.

அண்ணாவுக்குத் தொண்டையில் நோய் வந்து சோறு இறங்காமல் போனபோது, அண்ணி அந்த உருண்டையைப் பாலில் கரைத்து, மீனை முள் பார்த்து மசித்துக் கரண்டியால் ஊட்டினார். கடைசிவரை அண்ணாவுக்கு இறங்கியது அது மட்டுமே.

சண்டையால் ஊருக்குப் பாதை பூட்டியிருந்ததால் அண்ணாவின் உடலை அம்மாவிடம் கொண்டுபோக முடியவில்லை. இங்கேயே தகனம் செய்தோம். பெற்ற தாய் முகம் பார்க்காமலே எல்லாம் முடிந்தது.

எட்டாம் நாள், இறந்தவர் விரும்பியதையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். இங்கேயே வேலை செய்யும், அம்மாவின் தம்பியான எங்கள் மாமாதான் முன்னின்று நடத்தினார். கணவாய், இறால், நண்டு என்று இலை நிரம்பியது. சோறே இறங்காமல் தவித்த மனிதருக்கு நண்டுக்கால்! அண்ணி தன் சட்டியோடு வந்து நின்றார்.

"பிள்ளை, அதை உள்ளுக்குக் கொண்டு போகச் சொல்லு," என்றார் மாமா என்னிடம். "இது எங்கட சடங்கு. கண்டதையும் இலையில வைக்கேலாது."

"கண்டதில்லை மாமா. அண்ணா கடைசியாச் சாப்பிட்டது இதுதான்."

"அக்கா கேட்டா ஆர் பதில் சொல்றது? நீயோ?"

அண்ணி சட்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கட்டிய மனைவி சமைத்தது கணவனின் இலைக்கு ஆகாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தை அண்ணாவின் இந்த நினைவு மலரில் எழுத முடியாது.

அண்ணியின் இனத்தவர் ஒன்பதாம் நாளில்தான் இறந்தவருக்கு உணவு வைத்து வழியனுப்புவார்களாம். மறுநாள் தனியே இடித்து, தனியே சமைத்து, அண்ணாவின் படத்தின் முன் வைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்போது அம்மாவின் அழைப்பு வந்தது.

"அவன் கடைசியா என்னத்தைச் சாப்பிட்டவன்?"

சொன்னேன். மாமா திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். அம்மா அழுதார். பிறகு, "போனை அவளிட்டக் குடு," என்றார்.

அண்ணி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார். "மாமி," என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அண்ணா கற்பித்த சமையலறைத் தமிழ். "வாழைக்காய் அவி, மாமி. பழம் கொஞ்சம். இடி. நல்லா இடி. தேங்காய்ப்பால், மீன்…"

"மீன் இல்லைப் பிள்ளை," என்றார் அம்மா. "ஆமிக்காரர் கடலுக்கு விடுறாங்கள் இல்லை. மற்றதெல்லாம் இருக்கு. நான் மீனில்லாமச் செய்து என்ர பிள்ளைக்கு வைக்கிறன். நீ அங்க மீனோட வை."

ஆஸ்பத்திரியில் அண்ணாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தோள் கொடுத்த ஹோட்டல் நண்பர்களுக்கும், வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தகனத்துக்கான அலுவல்களுக்கெல்லாம் வெயிலில் அலைந்த மாமாவுக்கும் மனதார நன்றி சொல்கிறோம்.

இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு, மரக்கறிச் சாப்பாடு. நாளை மத்தியானம் மீன், கணவாய் என்று மச்சம் சமைத்துப் படைக்கிறோம். இலையில் முதலில் வைப்பது அண்ணியின் கையால் வரும் ஹுடுட். இது அம்மாவின் சொல். மாமா, உங்களுக்கும் ஒரு இலை போட்டிருக்கும்; வந்து எங்களோடு இருந்து சாப்பிடுங்கள்.