நாரால் கட்டிய வெள்ளரிப்பழம்

என் தங்கை நெருப்புக்காய்ச்சலில் கொழும்புப் பொரளை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் ஒரு வெள்ளரிப்பழத்தைக் காவல் காத்தேன்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லாததால் கொட்டாஞ்சேனையில் என்னோடும் என் மனைவியோடும் இருந்தாள். நா வறண்டு கிடந்தவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"சீனி போட்டுக் குழைச்சு ஒரு கோப்பை தந்தால் எழும்பிடுவன் அண்ணை."

கஞ்சித்தண்ணீரைத் தவிர வேறொன்றும் சாப்பிடக் கொடுக்கக் கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். காய்ச்சல் விட ஒரு கிழமையாவது ஆகும். வெள்ளரிப்பழக் காலமோ முடிந்துகொண்டிருந்தது.

சந்தையில் நாலு பழம்தான் மிச்சம். ஒரு கிழமை வைக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் சிரித்தார்.

"தம்பி, இது வெள்ளரிப்பழமோ தேங்காயோ? இண்டைக்குப் பழுத்தால் நாளைக்கு வெடிக்கும்."

ஆனாலும் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியதாகப் பார்த்து, காம்போடு எடுத்து, வாழைச்சருகால் சுற்றி, நாரால் வரிந்து கட்டித் தந்தார். நிலத்தில் வைக்கக் கூடாது, மற்றப் பழங்களுக்குக் கிட்டவும் வைக்கக் கூடாது என்றார். ஜன்னலோரம் உறியில் தொங்கவிட்டேன். காலையும் மாலையும் திருப்பி வைத்தேன். வீட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பை மனைவி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

பின்னேரங்களில் வேலை விட்டு ட்ராமில் அவளைப் பார்க்கப் போவேன்.

"வெடிச்சிட்டுதோ?"

"இல்லை. கட்டித்தான் வச்சிருக்கிறன்."

"மச்சாள் களவாத் திண்டிடுவா. எண்ணி வையுங்கோ."

"ஒண்டை என்னத்தை எண்ணுறது?"

அவள் சிரிப்பாள். பிறகு களைத்துப்போய்க் கண்ணை மூடுவாள்.

ஐந்தாம் நாள் சருகுக்குள்ளிருந்து மணம் வந்தது. நாரை இன்னொரு சுற்று இறுக்கினேன். கொஞ்சமாவது கொடுக்கலாமா என்று தாதியிடம் கேட்கத்தான் அன்று போனேன். எனக்குச் சிங்களமும் இங்கிலீசும் அரைகுறை. அவர் வேகமாக வந்தார். நான் கேட்காமலே சுவரோடு ஒதுங்கி வழி விட்டேன். மறுநாளும் அப்படித்தான்.

ஏழாம் நாள் விடியத் தங்கை போய்விட்டாள்.

அவளுடைய துணிகளை எடுக்கப் போனபோது அதே தாதி என்னிடம் வந்தார்.

"தங்கச்சி எந்த நாளும் ஒரு பழம் கேட்டது. ஏன் கொண்டு வரல்ல?"

டாக்குத்தர் சொன்னதைச் சொன்னேன்.

"பழம் குடுக்க ஏலாதுதான். சாறு வடிச்சு ரெண்டு கரண்டி குடுக்கலாம்தானே. கேட்டிருந்தா நானே செஞ்சிருப்பன்."

எல்லாம் எனக்கு விளங்கும் தமிழில்தான் சொன்னார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று, இறந்தவளுக்கு விருப்பமானதையெல்லாம் படைக்க வேண்டும் என்று உறவுக்காரர் சொன்னபோது, மனைவி உறியைப் பார்த்தாள். அதுவரை இருவருமே அதைத் தொடவில்லை. இறக்கினேன். சருகு நனைந்து கறுத்திருந்தது. கட்டு மட்டும் தளரவில்லை. அவிழ்த்ததும் புளித்த தண்ணீராக என் கையில் வழிந்தது.

"சீ, இதைப் படைக்கேலாது. கொண்டுபோய் எறி," என்றார் பெரியப்பா.

மனைவி வாங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.