மடிக்கு பெல்ட் கிடையாது

அடையாறிலிருந்து மயிலாப்பூர் கல்யாணத்துக்குக் கிளம்பிய காரில் அவரைச் சந்தித்தேன். மணப்பெண்ணின் தாய்மாமா. பஞ்சகச்சம், பெருந்தொப்பை, சிரித்தால் மூடிக்கொள்ளும் கண்கள். பேத்திக்கென்று பொருத்திய குழந்தை சீட்டில் பெல்ட் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்காமல் வண்டியை எடுக்க விடமாட்டாராம்.

அன்று ஆள் அதிகம், இடம் போதவில்லை.

"அந்த சீட்டைக் கழட்டுங்கோன்னா, கொழந்தையை மடியில வச்சுக்கறேன்" என்றாள் மாமி. "மாலை மாத்தறச்சே பொண்ணைத் தூக்க வேண்டியவர் நீங்க. நாழியாறது!"

"மடிக்கு ஏதுடி பெல்ட்டு?" என்று அவரே இறங்கிவிட்டார். ஜன்னலில் காதை வைத்து 'டிக்' கேட்டபின்தான் ஆட்டோ தேடி ஓடினார்.

மண்டபத்தில் மாலையும் கையுமாகப் பெண் காத்திருந்தாள். வியர்த்து வழிய வந்தவர் முதலில் என்னிடம்தான் கேட்டார்: "கொழந்தை சமத்தா இருந்தாளோ?"

"தூங்கிட்டா மாமா."

கண்கள் மூடிக்கொண்டன. அடுத்த நொடி, எல்லோர் தலைக்கும் மேலே, அவர் தோளில் மிதந்தாள் கல்யாணப்பெண். நான்தான் ஒரு 'டிக்'குக்காகக் காத்திருந்தேன்.