கால் இல்லாத பூக்கள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் இதை எழுதி முடிக்கப் பங்குனி முழுவதும் போய்விட்டது. போகட்டும், எனக்கென்ன அவசரம்.

தொண்ணூறாம் ஆண்டுக்கு முன்பின்னாக, கடல் கடந்து வெள்ளைக்காரர் ஊரான ஹரோவில் மூத்த மகன் வீட்டுக்கு வந்த புதிதில், நான் தனியாக வாசல் தாண்டியதில்லை. கோயிலோ கடையோ, அவன்தான் காரில் ஏற்றி இறக்க வேண்டும். ஊரில் ஒரு வீட்டையே நடத்தினவள், இங்கே யன்னலோரக் கதிரையில் இருந்து அவன் வேலையால் வரும் நேரத்தைப் பார்த்திருந்தேன்.

ஜப்பான்காரர் முறையில் பூ அடுக்கும் வகுப்பு ஒன்று நடப்பதை அறிந்து, என்னைச் சேர்த்துவிட்டவள் மருமகள். எந்த பஸ், எங்கே இறங்குவது என்று முதலே கூட வந்து காட்டினாள். வீட்டுத் தோட்டத்துப் பூக் கொண்டுவரச் சொன்னார்களாம்.

அன்று விடிய முழுகிவிட்டு, பின்வளவில் மலர்ந்திருந்த டஃபடில்களை எல்லாம் ஆய்ந்தேன். மணந்துகூடப் பார்க்கவில்லை. பூ என்றால் எனக்குத் தெரிந்தது சாமிக்கு ஆய்கிற முறைதான்: தண்டைச் செடியில் விட்டுவிட்டுப் பூவை மட்டும் கிள்ளி எடுப்பது. சோறு வடிக்கிற வடிதட்டு நிறைய மஞ்சள். ஈரத்துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி பஸ்ஸில் போனேன்.

வகுப்பில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டையான கிண்ணம். அதற்குள் ஊசிகள் நிமிர்ந்து நிற்கும் ஈயக்கட்டை. பூவின் தண்டை அந்த ஊசியில் குத்தி நிறுத்த வேண்டும். நெடியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, குட்டை ஒன்று. மற்ற இடத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும்.

நான் துணியை எடுத்தேன். பக்கத்து வெள்ளைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இதுகளின் கால் எங்கே?"

அந்தளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை ஒரு ஜப்பான்காரி, என் வயதுதான் இருக்கும். அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன மாமி, எல்லாப் பூவின்ரை தலையையும் கிள்ளிப் போட்டியளே!" என்று வீட்டில் மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகன் சிரிக்கவில்லை. "உங்களுக்கேன் அம்மா இந்த வேலை? பேசாமல் வீட்டிலை இருங்கோ. எங்கை போக வேணுமெண்டாலும் நான் கூட்டிக்கொண்டு போறன்."

மற்றவர்கள் சிரித்தது சுடவில்லை. அவன் பட்சமாகச் சொன்னதுதான் சுட்டது. அடுத்த கிழமை போகாமல் விட்டால், பிறகு எனக்கு அந்தக் கதிரைதான்.

"நான் போறன், தம்பி," என்றேன்.

ஆனால் கொண்டுபோகப் பூ ஏது? நான் மொட்டையடித்த பாத்தியில் தண்டுகள் மட்டும் நின்றன. ஓரத்தில், பிந்தி வந்த மொட்டு ஒன்று. கடையில் வாங்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. மூன்று வெறுந்தண்டுகளையும் அந்த மொட்டையும் நறுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"போன கிழமை தலை, இந்தக் கிழமை கால்!" என்றாள் பக்கத்துக்காரி. இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

நெடியதை நிமிர்த்திக் குத்தினேன். நடுத்தரத்தைக் கொஞ்சம் சரித்தேன். குட்டையை முன்னால் வைத்து, அதன் அடியில் மொட்டை நிறுத்தினேன். ஆசிரியை மேசை மேசையாக வருவார். யாருடையது என்றாலும் ஒரு தண்டையாவது பிடுங்கி மாற்றிக் குத்தாமல் விடமாட்டார். என்னிடம் வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை.

"நெக்ஸ்ட் வீக், கம்," என்றார். அவருக்கும் எனக்கும் ஒரே அளவு ஆங்கிலம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அதேபோல அடுக்கி வைத்தேன். இரண்டொரு நாளில் மொட்டு விரிந்தது. வேலையால் வந்த மகன் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று பார்த்தான்.

"அடுத்த வகுப்புக்கு நான் கொண்டுபோய் விடட்டே, அம்மா?"

"வேண்டாம், பஸ் இருக்கு."

அதற்குப் பிறகு எத்தனையோ வசந்தம் அந்த பஸ்ஸில் போய்விட்டது. செரிப்பூக் கொப்போடு ஏறினால் டிரைவருக்கே என்னைத் தெரியும். பாத்தியில் இப்போதும் டஃபடில் பூக்கிறது. சாமிக்குத் தலை மட்டும், கிண்ணத்துக்குக் காலோடு என்று பங்கு பிரித்திருக்கிறேன்.

பேத்தி சனிக்கிழமைத் தமிழ் வகுப்பால் வந்துவிட்டாள்.

"பிள்ளை, இங்கை வா. அப்பம்மா எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு பாப்பம். கால் போட மறந்த எழுத்து இருந்தால், சிரிக்காமல் நீயே போட்டு வாசி."