பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் தேடி நெய்யாற்றின்கரை வரை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரியங்கோட்டிலிருந்து கிளம்பினோம். கார் ஓட்டியது என் மனைவி ஸ்டெல்லா. நான் பக்கத்து சீட்டில், மடியில் ஒரு பழைய வீல் ஸ்பேனரோடு. எனக்கு லைசன்ஸ் கிடையாது. எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆளுக்கு அதைக் கொடுக்கவும் கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவன் நான். காற்று பார்ப்பது, எண்ணெய் பார்ப்பது, நட்டு முறுக்குவது, இதுதான் காரில் என் பங்கு.

செவ்வாயும் வெள்ளியும் மாமனாரை டயாலிசிஸுக்குத் திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டும். வழியில் பஞ்சரானால் இவள் தனியாக டயர் மாற்றுவாளா என்று போன வாரம் முற்றத்தில் வைத்துப் பார்த்தோம். நாலு நட்டிலும் ஸ்பேனர் வழுக்கியது. ஒரு நட்டின் மூலை மழுங்கியதுதான் மிச்சம். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை. ஆம்புலன்ஸ் வர முடியாத வளைவில் டயர் போகும், மாமா பின்சீட்டில் மூச்சு வாங்குவார், இவள் ரோட்டில் நிற்பாள். எல்லாம் கண்ணுக்கு முன்னே வரும்.

“இனிமே எல்லா டிரிப்புக்கும் நானும் வாறேன்” என்றேன்.

“வந்தா மரம் ஆரு வெட்டுவா? அப்பாவும் ஒங்க கூட வரமாட்டேன்னு சொல்லியாச்சு. மெதுவா, மெதுவான்னு வழி முழுக்க சொல்லுவீங்களாம். அதக் கேட்டா பிரஷர் கூடுதாம்.”

அதனால்தான் இந்தப் பயணம். நல்ல ஸ்பேனர் கிடைத்தால் அவள் தனியாகப் போவாள். கிடைக்காவிட்டால் மாமாவுக்குப் பிரஷர், எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை போகும்.

மாராயமுட்டம், தனுவச்சபுரம் வழியாகப் பாறசாலைக்கு வந்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது. நெய்யாற்றின்கரைக்கு நேர்வழி பெருங்கடவிளை வழிதான். ஆனால் பழைய ஸ்பேனரை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது பாறசாலை ஹைவே ஓரத்தில், தார்ப்பாய் விரித்து வைத்திருந்த ஒருவரிடம். அவரை ஒரு வார்த்தை கேட்காமல் போக மனசு வரவில்லை. ஆள் அங்கேயே இருந்தார். ஸ்பேனரின் வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணா, இது ஸ்பேனருக்கக் குற்றமில்ல. நட்டுக்கக் குற்றமாக்கும்.”

“நாலு நட்டும் சேந்து குற்றம் செஞ்சுதா?” என்றாள் ஸ்டெல்லா.

அவர் சிரித்துக்கொண்டே பிளஸ் மாதிரி நாலு கை உள்ள ஒன்றை எடுத்து நீட்டினார். கையோடு கொண்டுவந்திருந்த ஒரு புது நட்டை அதன் வாய்க்குள் போட்டு ஆட்டினேன். பல் போன வாயில் பாக்கு உருளுவது போல கடகடவென்று ஆடியது. இப்படி ஆடினால் பலம் கொடுக்கும்போது மூலையைத் தின்றுவிடும். இந்த ஒரு சோதனையை மட்டும் வாசிக்கிறவர்கள் மறக்க வேண்டாம். கடைக்குப் போகும்போது ஒரு நட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே பூசிய பளபளப்பை நம்பாதீர்கள்.

உதியன்குளங்கரை, அமரவிளை, பிறகு நெய்யாற்றுப் பாலம். பாறசாலையிலிருந்து மீட்டரில் பத்து கிலோமீட்டர் காட்டியது. பாலத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே வந்ததில் ஆற்றைப் பார்க்க மறந்துவிட்டேன்.

நெய்யாற்றின்கரையில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டூல்ஸ் கடை. வாசலிலேயே காரை நிறுத்த இடம் இருந்தது. கடைக்காரர் முதலில் மலையாளத்தில் பேசினார், நாங்கள் பேசியதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். எடுத்த எடுப்பில் ஒரு பெரிய பெட்டியைத் திறந்து காட்டினார். நூற்றுச் சொச்சம் உருப்படி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற நகை மாதிரி மின்னியது.

“இதுல எங்க காருக்கு எத்தனை வேணும்?” என்றாள் ஸ்டெல்லா.

“ஒரு அஞ்சாறு.”

“பாக்கிய சோகேஸ்ல வைக்கணுமாக்கும்.”

பெட்டி மூடப்பட்டது. எங்கள் நட்டின் தலையை மூடிப் பிடிக்கிற பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட் தனியாக வந்தது. உள்ளே ஆறு மூலை, சுவர் தடிப்பு, நம்பர் இரும்பிலேயே அடித்திருந்தது. நட்டைப் போட்டேன், ஆடவில்லை. அதற்குக் கைப்பிடியாக ஒரு கம்பி. நான் பிடித்துப் பார்த்தேன், கைக்கு அடக்கமாக இருந்தது. வாங்கிவிடலாம் என்றேன்.

“ஆரு உபயோகிக்கது?” என்று கேட்டார் கடைக்காரர்.

“இவளாக்கும்.”

“பின்ன நீங்க எதுக்கு பிடிச்சுப் பாக்குதீங்க?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. ரப்பர் வெட்டுக் கத்தி வாங்கும்போது எங்கள் பக்கத்தில் ஒருவன் கைக்கு இன்னொருவன் வாங்கமாட்டான். வெட்டுகிறவனே வந்து, பிடித்து, காற்றில் ரெண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தே எடுப்பான். அது தெரிந்த நான், முதல் ஸ்பேனரை என் கைக்குப் பார்த்து வாங்கி அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஸ்டெல்லா நான் எடுத்ததை வைத்துவிட்டு, அதைவிட ஒன்றரை மடங்கு நீளமான கைப்பிடியை எடுத்தாள். நீளம் கூடினால் அவளுடைய எடையே போதும். சாக்கெட்டும் கைப்பிடியும் எண்ணூற்றைம்பது.

“காரு வாசல்ல தானே கெடக்கு, போட்டுப் பாத்துட்டு பைசா தாங்க” என்றார் கடைக்காரர்.

போட்டாள். சாக்கெட் மழுங்கின நட்டைக்கூடக் கவ்விப் பிடித்தது. ஆனால் நட்டு அசையவில்லை. கைப்பிடி மேல் ஏறியே நின்றாள். அசையவில்லை.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். “ஆராக்கும் இத முறுக்கினது? ஆனையா?”

“ஆனை இஞ்ச நிக்குது” என்று என்னைக் காட்டினாள் ஸ்டெல்லா. “ஞாயிற்றுக்கெழமை கோயிலுக்குப் போகுததுக்கு முன்ன பைப்பு மாட்டி, அது மேல ஏறிக் குதிக்கும்.”

குதிப்பது உண்மைதான். சக்கரம் கழன்று ஓடிவிடுமோ என்ற பயம். வாரம் ஒருமுறை குதித்தால் அந்த வாரம் நிம்மதி. பயத்தில் நான் இறுக்கிய இறுக்கம் அவளை ரோட்டில் நிறுத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடையிலிருந்து ஒரு பைப்பை இரவல் வாங்கி, நாலு சக்கரத்தின் நட்டுகளையும் நானே இளக்கினேன். மழுங்கினதற்குப் பதில் பையில் இருந்த புதிய நட்டைப் போட்டோம். பிறகு ஸ்டெல்லா எதிரெதிராக மாற்றி மாற்றித் தன் கைபலத்தில் முறுக்கினாள். “கொஞ்சம் ஓடினப்பறம் ஒருக்கா பாத்தா போதும்” என்றார் கடைக்காரர், என்னைப் பார்த்து. “ஒருக்கா.”

திரும்பும்போது பெருங்கடவிளை வழி. ஜன்னலைத் திறந்து சக்கரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். சந்தையைத் தாண்டினதும், “நிறுத்து மக்கா, ஒரு தடவை பார்த்திரலாம்” என்றேன். நிறுத்தினாள். நான் இறங்குவதற்குள் அவளே ஸ்பேனரோடு இறங்கி ஒவ்வொரு நட்டாகப் பார்த்தாள். ஒன்றும் இளகவில்லை.

“பாத்தாச்சு. இனி நீங்க இதத் தொடாண்டாம்.”

தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பைப்பைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். செவ்வாய் விடியற்காலை மரத்தடியில் கத்தியோடு நின்றபோது கார் மேட்டில் ஏறிப் போகிற சத்தம் கேட்டது. அப்பாவும் மகளும் போகிறார்கள். ஆரியங்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை போய் மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தார்கள். வழியில் என்ன பார்த்தார்கள், எங்கே சாயா குடித்தார்கள் என்று என்னால் எழுத முடியாது. நான் அந்தக் காரில் இல்லை.