'தனியாக' என்ற கட்டம்

அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அப்பா, மெடிக்கல் பார்க்க வந்த டாக்டர், புது கான்ட்ராக்டரிடமும் தொடர்கிற பழைய சூப்பர்வைசர், வரிசையில் அப்பாவுக்கு அடுத்து நின்ற மாமா. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. சுரங்கத்தில் பதினோரு வருஷம் அப்பாவோடு நிலக்கரி ஓடும் ஒரே பெல்ட்டில் வேலை பார்த்தவர். நான் அங்கே இல்லை, கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அம்மாவும் இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போய்விட்டாள். ஒரு நாள் லீவு போடும்மா என்று கேட்டதற்கு, "பாஸ் கெடச்சா பெல்ட்டு, கெடைக்கலன்னா பட்டினி. இதுல நான் இன்னான்னுடா சாமிய வேண்டிக்கிறது?" என்றவள் பஸ் ஏறிவிட்டாள்.

அறைக்குள் நடந்ததை மாமா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய ஐந்து மாதம் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

சித்திரையில் ஒரு விடியற்காலை, பர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா முகம் கழுவும்போது இடது கையில் இருந்த சொம்பு நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார். தூக்கி உட்கார வைத்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கையும் காலும் அவருடையதாகவே இல்லை. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "மாத்திரைய ஒரு வேளை கூட விடக் கூடாது. ஆனா மாத்திரை நடக்க வைக்காது. அதுக்குப் பயிற்சிதான். நாள் தள்ளாம ஆரம்பிங்க."

நாள் தள்ள எங்களாலும் முடியாது. பழைய கான்ட்ராக்ட் புரட்டாசியோடு முடிகிறது. புதுசாக எடுப்பவர் அதே ஆட்களைத்தான் எடுத்துக்கொள்வார், ஆனால் மெடிக்கலில் தேறினால்தான் கேட் பாஸ். பாஸ் போனால் பேர் பட்டியலிலிருந்து போய்விடும். பதினோரு வருஷ சர்வீஸும் அதோடு போகும். என்றைக்காவது பெர்மனன்ட் ஆக்குவார்கள் என்ற நினைப்பும் போகும். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம் பார்க்கிறோம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்தோம். விஷயம் தெரிந்த பெல்ட் ஆட்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

சுரங்க டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு வாடகை அறையில் பிசியோ மேடம் ஒருவர் பயிற்சி கொடுத்தார். தெற்கத்திக்காரர். கணவர் சுரங்கத்தில் பெர்மனன்ட், குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மற்ற நாள் வீட்டில் நானே செய்ய வைக்க வேண்டும். முதல் நாள் அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். அப்பா வலது காலில் மட்டும் பாரத்தைப் போட்டு எழுந்தார்.

"அந்தக் காலுக்கும் கொஞ்சம் வேலை குடுங்கய்யா. நீங்க அத நம்பலன்னா அது எப்படி உங்களத் தாங்கும்?"

"அது கான்ட்ராக்ட் காலும்மா. எப்ப நிக்கும் எப்ப போவும்னு தெரியாது," என்றார் அப்பா. வாய் குழறியதால் மேடத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரித்துவிட்டார்.

வடக்குத்து கிராமத்தில் எங்கள் வீட்டுப் பின்னால் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து சவுக்குக் கம்புகளை நட்டு, இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் நீளக் கம்பு கட்டிக் கொடுத்தார்கள். நடுவில் அப்பா நடக்க வேண்டும். "பாவக்கா கொடி வுட்டிருந்தா காயாவது காய்ச்சிருக்கும்," என்று அப்பா அதற்கும் ஒரு பேச்சு பேசினார்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். படித்தவன் என்பதற்கு வீட்டில் என்னிடம் இருந்தது ஒரே வேலை: எழுதுவது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதி, பயிற்சி, எத்தனை தடவை, பிடித்துக்கொண்டு, தனியாக. ஒவ்வொரு சாயங்காலமும் டிக் போடும்போது அப்பாவே ஒரு படி மேலே ஏறுவது போல இருக்கும்.

இரண்டாவது மாதம், கம்புகளுக்கு நடுவே அவர் நின்றிருந்தபோது போன் அடித்தது என்று நான் திரும்பினேன். அவ்வளவுதான். நெற்றி கம்பில் மோதி மூன்று தையல். அன்றிலிருந்து என் வலது கை அப்பாவின் இடது தோளுக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்திலேயே நின்றது. படாது. ஆனால் இருக்கும். மேடம் அடுத்த வாரமே, "இனி கொஞ்சம் கொஞ்சமா தள்ளி நில்லுங்க தம்பி," என்றார். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அதே ஒரு சாண்தான். கை படவில்லையே, அப்படியென்றால் தனியாகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 'தனியாக' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஒரு மாதம் பக்கம் பக்கமாக டிக்.

மெடிக்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"பரவால்லயே, அரை நிமிஷம் தனியா நிக்கிறீங்களே அய்யா. அப்ப கண்ண மூடிப் பாத்துருவோமா? தம்பி, நீங்க அந்தச் செவத்தோரம் போங்க."

போனேன். அப்பா என்னைப் பார்த்தார். கால்களைச் சேர்த்து வைத்தார், கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு. மூன்று எண்ணுவதற்குள் சுவர் சாய்வது போல இடது பக்கம் முழு உடம்பும் வந்தது. மேடம் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கி, இரண்டு பேருமாகப் பாயில் உட்கார்ந்தார்கள். அப்பாவின் இடது கை காற்றில் எதையோ தேடியது. அங்கே ஒரு மாதமாக இருந்தது என் கைதான்.

மேடம் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "தம்பி, இந்த நோட்டு யாருக்கு எழுதுறீங்க? எனக்கா, அய்யாவுக்கா, உங்களுக்கா?" சிவப்புப் பேனாவை எடுத்துக் கடைசி டிக்குக்குக் கீழே பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இதுக்கு மேல உள்ளது எதுவும் கணக்கு இல்ல. இன்னைக்கிலேர்ந்து எழுதுங்க."

பஸ்ஸில் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வடக்குத்து ஸ்டாப் நெருங்கும்போது, "டிக்கு போட்டா காலு கேக்குமாடா?" என்றார்.

"உனக்குத் தெரியுமாப்பா?"

"எனக்கு எழுத்துதான் தெரியாது. டிக்கு தெரியாதா? நீ பாட்டுக்கு சந்தோஷமா போட்டுகினு இருந்த. வுட்டுட்டேன்."

மேடம் வழி சொல்லிக் கொடுத்திருந்தார். வீட்டில் இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகு காட்டி அப்பா நிற்க வேண்டும், முன்னால் ஒரு நாற்காலி. சாய்ந்தால் சுவர் தாங்கும், நான் தாங்கக் கூடாது. தண்ணீர்க் குடத்துப் பக்கம் ஏழு அடி தள்ளி உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவர் சாயும்போதெல்லாம் என் தோள் துடித்தது. தொம் என்று சுவரில் மோதுவார், நிமிர்வார், மறுபடி கண்ணை மூடுவார். முதல் நாள் மூன்று எண்ணிக்கை. நாலாம் நாளும் மூன்று. ஒரு வாரத்தில் ஐந்து. ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலை வைத்து நிற்பது, அலமாரி மேல் தட்டிலிருந்து இடது கையால் டம்ளர் எடுப்பது, மடித்த சாக்கைத் தாண்டுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. வராதது திரும்புவது. கால் திரும்பும், உடம்பு பின்னால் வந்து சேரும். அதற்கு இடையில் ஒரு தள்ளாட்டம். நோட்டில் அந்த வரிசை முழுக்கப் பெருக்கல் குறி.

"நடக்கலாம்னு நான் எழுதித் தாரேன்," என்றார் மேடம், என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு. "ஓடுற பெல்ட் பக்கத்துல நிக்கலாம்னு என்னால எழுத முடியாது தம்பி."

அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

மெடிக்கலுக்கு முந்தின நாள் ஃபாரம் நிரப்ப ஆறு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் நான்தான் எழுதினேன். சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா, பக்கவாதம் வந்ததுண்டா? அப்பாவின் ஃபாரத்திலும் வரிசையாக 'இல்லை'யில் டிக் போட்டேன். அவர் கையெழுத்தை மட்டும் போட்டார். எல்லோரும் போன பிறகு மாமாவைத் தெருமுனை வரை கொண்டு விடப் போனேன்.

"டாக்டரு கண்ண மூடச் சொல்லி பத்து எண்ணுவாரு, அவ்ளோதான்," என்றார். "நான் அண்ணன் பக்கத்துலயே நின்னுக்கிறேன். ஒரு வெரல் குடுத்தா போதாது?"

"இடது பக்கம் நில்லுங்க மாமா," என்றேன். ஒரு மாதமாகத் தொடைக்கு அடியில் வைத்திருந்த கையை அவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் அறைக்குள் நடந்ததை மாமா சொன்னபடி சொல்கிறேன். அப்பா பேர் வந்தது. மாமா நைசாக இடது பக்கம் ஒட்டினார். கண்ணை மூடும் முன்னால் அப்பா அவரைப் பார்த்து, "தள்ளி நில்றா," என்றார். மாமா நகரவில்லை. "தள்ளுன்றேன்ல." டாக்டர் நிமிர்ந்து பார்த்ததும் மாமா சுவர் வரை போய்விட்டார். அப்பா பாதத்தைச் சேர்த்தார், கண்ணை மூடினார். டாக்டர் எண்ணினார். ஆறில் உடம்பு ஆடியதாம். பத்து வரை விழவில்லை.

டாக்டர் முத்திரையை எடுத்துவிட்டார். ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் இல்லைன்னு இருக்கு. சரிதானே?" என்றார்.

"ஒரு கட்டம் தப்புங்க," என்றார் அப்பா. "எம் பையன் மாத்திப் போட்டுட்டான். எனக்கு சித்திரையில கை கால் இழுத்துகிச்சுங்க."

சூப்பர்வைசர், "யோவ், மஞ்சக்காமாலைன்னு சொன்னீங்களேய்யா!" என்று கத்தினார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா மாமாவைக் காட்டி டாக்டரிடம் சொன்னாராம்: "பெல்ட்டுல நானும் இவனும்தாங்க ஜோடி. நான் சாஞ்சா இவன் கைய நீட்டுவான். இப்ப கூட நீட்டத்தான் வந்தான். ஓடற பெல்ட்டுல நீட்டுனா கை திரும்பி வராதுங்க."

டாக்டர் திரும்பி நடக்கச் சொன்னார். திரும்பும்போது தள்ளாடினார். என்ன பயிற்சி எடுத்தீங்க என்று கேட்டதற்கு, "நோட்டு இருக்குதுங்க. பையன் வெளிய நிக்கிறான்," என்றிருக்கிறார்.

கேட் செக்யூரிட்டி வந்து என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பா நோட்டு கேக்குறாரு," என்றார். எனக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. பையிலிருந்து எடுத்தேன். பெருக்கல் குறி இருந்த பக்கங்கள் கடைசி நாலுதான். தையல் தளர்ந்த நோட்டு, இழுத்தால் சத்தமில்லாமல் வந்துவிடும். ஓரத்தை விரலில் பிடித்தும்விட்டேன். செக்யூரிட்டி, "சீக்கிரம் குடு தம்பி," என்றார். அப்படியே கொடுத்தேன்.

அரை மணி நேரம். முதலில் மாமா வந்தார். "உங்கப்பன் இருக்கானே," என்று ஆரம்பித்தவர் அப்படியே சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் அப்பா, மெதுவாக, யாரையும் பிடிக்காமல் வந்தார். டாக்டர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தாராம். பெல்ட் வேலை கூடாது, உயரத்தில் கூடாது, தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார். சூப்பர்வைசர் முணுமுணுத்துவிட்டு, நர்சரியில் செடிப் பைக்கு மண் ரொப்ப ஒரு ஆள் குறைகிறது என்றிருக்கிறார். பாஸ் உண்டு. பேர் பட்டியலில் இருக்கும். சர்வீஸ் தொடரும். கூலிதான் கீழ் கிரேடு.

சாயங்காலம் அம்மா வந்தாள். முந்திரி எண்ணெய் ஏறிக் கறுத்த கையைக் கூடக் கழுவாமல் வாசலிலேயே நின்று, "பெல்ட்டா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நர்சரி."

உள்ளே வந்து ஒரு சொம்பு தண்ணீரை நிற்காமல் குடித்தாள். அப்பா மூலையில் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரும்பிப் பழகிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"எவ்ளோ கொறையும்?"

நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்துச் சொன்னேன். ஒரு நாளைக்கு எண்பத்தைந்து ரூபாய் குறைவு, மாதம் இருபத்தாறு டூட்டி. இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.