ஆசீர்வாதம் சாரும் என் சீலும்

ஆசீர்வாதம் சாருக்குப் பாட வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்தில் முன்வரிசையில் நின்று உரக்கப் பாடுவார். பக்கத்தில் நிற்பவர்கள் பாவம் இல்லையா என்று கேட்டால், "படைச்சவருக்குத் தெரியாதா என் குரல் எப்படின்னு" என்பார்.

தஞ்சாவூர் ஜில்லா பாபநாசத்துக்கு மேற்கே, நாலு பக்கமும் வயலாக இருந்த உயர்நிலைப் பள்ளியில் அவர் பூகோள ஆசிரியர். நான் அங்கே கிளார்க், பெயர் ஐயாவு. பதினேழு வருஷம் அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு பீரோதான் இருந்தது. அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் இருந்தபோது சொல்லவில்லை; அதனால் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. அப்பா தச்சு வேலை. பதினெட்டு வயதில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் எழுதி, பள்ளிக்கூட முத்திரைக்காகப் போயிருக்கிறார். அங்கே கிளார்க் பத்து நாள் லீவு, சீல் இருந்த டிராயருக்குப் பூட்டு. சாவி வந்தபோது கடைசி நாள் போய்விட்டது. அப்புறம்தான் வாத்தியார் பயிற்சிக்குப் போனார். அந்தக் கிளார்க்கை மன்னித்துவிட்டதாகச் சொல்வார். ஆனால் நான் லீவு கேட்டு எழுதினால் தலைமையாசிரியர் முகத்துக்கு முன்பே அவர் முகம் வாடிவிடும்.

எழுபதாம் வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகளுக்கு என்னென்ன வேலை, என்னென்ன படிப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க, பள்ளிக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். கூட்டத்தில் எல்லாரும் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆசீர்வாதம் சார் சைக்கிள் பஞ்சராகித் தாமதமாக வந்தார். வராதவர் தலையில் கட்டுவது எங்கள் பள்ளி வழக்கம், ஆகவே வேலை அவருக்குப் போனது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் அவருக்கு. கடற்படை, விமானம் ஓட்டுவது, தேயிலை ருசி பார்ப்பது என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் வாசித்தார். ஒருநாள், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டதற்கு ஒருத்தன் எழுந்து, "மணி எப்ப சார் அடிக்கும்?" என்றான். அன்று மாலை என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தப்பு அவன்மேல இல்லை ஐயாவு. அதுங்களுக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே இல்லை. ஒரு கேள்வித்தாள் போடுவோம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி யோசிச்சு எழுதட்டும். அதை வச்சுப் பாடத்தை மாத்தறேன்."

பதினோரு கேள்வி எழுதினார். என்ன வேலைக்குப் போக ஆசை, அதைப் பற்றி யார் சொன்னார்கள், எது தடையாக இருக்கிறது, இப்படி. நாலாவது கேள்வி: உங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டா, அதில் யார் சாகுபடி செய்கிறார்கள்? வயலில் ஆள் தேவைப்படும் வீட்டுப் பிள்ளை எது என்று தெரிந்துகொள்ளத்தான் அதைக் கேட்டார். வேறு எண்ணம் அவருக்குச் சத்தியமாக இல்லை. நான் ஸ்டென்சில் வெட்டி, கையெல்லாம் மையாகி, பள்ளியிறுதியான பதினோராம் வகுப்புக்கு நாற்பத்து நாலு தாள் உருட்டி எடுத்தேன். எடுத்துவிட்டு ஒவ்வொன்றிலும் பள்ளியின் வட்டச் சீலைக் குத்தினேன். யாரும் குத்தச் சொல்லவில்லை. என் மேசையைத் தாண்டி ஒரு காகிதம் சீல் இல்லாமல் போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அது எந்த நேரம் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். நில உச்சவரம்பைக் குறைத்திருந்தார்கள். குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்ய ஊர் ஊராக விசாரணை நடந்துகொண்டிருந்தது; சொந்த உழைப்பில் சாகுபடி செய்கிறவர் பெயர்தான் ஏறும் என்று பேச்சு. இருவண்ணக் கொடி ஒரு தெருவில், செங்கொடி அடுத்த தெருவில். பன்னிரண்டு வேலி, அதாவது எண்பது ஏக்கர், வைத்திருந்த ஒருவர் பூனைக்குட்டி பேரில்கூட நிலம் எழுதிவிட்டார் என்று டீக்கடையில் சொன்னார்கள். அந்த ஊருக்குள் சீல் வைத்த காகிதத்தில், நிலம் உண்டா, யார் சாகுபடி என்று கேட்டு அனுப்பினால் என்ன ஆகும்?

திங்கட்கிழமை தாள்கள் திரும்பி வந்தன. எல்லாம் பெரியவர்கள் கையெழுத்து, சிலது வக்கீல் குமாஸ்தா நடையில். அந்தப் பன்னிரண்டு வேலிக்காரர் வீட்டுப் பையன், நிலம் இல்லை, தகப்பனார் கூலி வேலை என்று எழுதியிருந்தான். குத்தகைக்காரர் வீடுகளில் நேர்மாறு: குடும்பமே வயலில் நிற்கிறது, படிப்பு முடிந்ததும் பிள்ளையும் வயலுக்கே வரும். என்ன வேலைக்கு ஆசை என்ற இடத்தில் நாற்பத்து நாலில் நாற்பத்தொன்று விவசாயம்.

ஆசீர்வாதம் சார் தாள்களைப் புரட்டி முடித்து என்னைப் பார்த்தார்.

"தேசத்துக்கு இனிமே சோத்துக்குப் பஞ்சமில்லை ஐயாவு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை, ஏனென்றால் அம்சத்தின் தாள் அவர் கையில் இருந்தது.

அம்சம் குத்தகைக்காரர் வீரையனின் மூத்த மகள். பள்ளியில் எவனுக்கு அடிபட்டாலும் முதலில் ஓடுவது அவள்தான். நர்ஸ் படிப்பைப் பற்றி ஆறு மாதமாக அவரைத் துளைத்துக்கொண்டிருந்தாள். தாளில் அவள் அப்பா யாரையோ வைத்து எழுதியிருந்தார்: 'மகள் அம்சம் எங்களோடு சேர்ந்து ஐந்து மா குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறாள். எப்போதும் செய்வாள்.'

அடுத்த வெள்ளிக்கிழமை வெறும் துண்டுக் காகிதம் கொடுத்தார். சீல் கிடையாது, பெயர் கிடையாது, வீட்டுக்கும் போகாது. கேள்வியும் ஒன்றே ஒன்று: நான் இதுவரை சொல்லாத எது உனக்குத் தெரிய வேண்டும்? மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பால் பவுடர் டின்னில் ஓட்டை போட்டு அதில் போடச் சொன்னார்.

சாயங்காலம் டின்னைக் கவிழ்த்து நாங்கள் இருவரும் வாசித்தோம். இன்டர்வியூவுக்குச் செருப்பு கட்டாயமா? வேட்டியோடு போனால் உள்ளே விடுவார்களா? மணியார்டர் பாரம் நிரப்பத் தெரியாது, கேட்டால் சிரிப்பீர்களா? வெளியூரில் வேலை பார்க்கும் பெண்கள் எங்கே தங்குவார்கள்? ஒரு வருஷமாக அந்த மனிதர் இவர்களிடம் தேயிலை ருசி பார்க்கும் உத்தியோகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

கடைசித் துண்டில் இப்படி இருந்தது: 'விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. அப்பா போடாவிட்டால் அந்த இடத்தில் என்ன செய்வது?' சாய்ந்த எழுத்து. யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவர் தெரியாதது போலவே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகள் மாறின. தபாலாபீசில் பாரம் நிரப்பினார்கள். தஞ்சாவூரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்கள். பெண்கள் விடுதி வார்டன் ஒருத்தர் வந்து சாப்பாட்டு நேரத்திலிருந்து பூட்டு சாவி வரை சொன்னார். ஆனால் அந்தக் கையெழுத்து இடம் மட்டும் அப்படியே இருந்தது. ஆசீர்வாதம் சார் வீரையன் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார். துணைக்கு நானும் போனேன்.

"சார், நான் அவளுக்கு எதிரி இல்லை" என்றார் வீரையன். "ஒரு தாள்ல மக வயல்ல நிக்கிறான்னு எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப அவ தஞ்சாவூர்ல வெள்ளை உடுப்போட நின்னா, பொய் சொன்னவன்னு ஆயிடும். அஞ்சு மாவும் போயிடும். கீழ இன்னும் மூணு புள்ளைங்க இருக்கு."

"அது அரசாங்கத் தாள் இல்லைங்க. நான் பாடத்துக்காகக் கேட்டது."

"சீல் இருந்துதே சார்."

நான் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவு விசாரணை அதிகாரியைப் பார்க்க மூன்று சனிக்கிழமை தாலுகா ஆபீசில் காத்துக்கிடந்தார் ஆசீர்வாதம் சார். அப்பா வயலில் இறங்கி வேலை செய்தால் போதும், மகள் படிக்கப் போவதற்கும் பதிவுக்கும் சம்பந்தமில்லை என்று அதிகாரி சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றதற்குச் சிரித்தார். அதையே வந்து சொன்னபோது வீரையன், "எழுத்துல இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை. அதனால் ஆசீர்வாதம் சார் தானே எழுதினார். அதிகாரி சொன்னதைத் தேதியோடு எழுதி, 'இது தவறென்று ஆனால் நானே வந்து சாட்சி சொல்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "இதுக்கு ஒரு சீல் போடு ஐயாவு."

போட மாட்டேன் என்றேன். நிலத் தகராறில் பள்ளிக்கூடச் சீலுக்கு என்ன வேலை? தலைமையாசிரியர் என்னை உரித்துவிடுவார். கேட்காத இடத்தில் நாற்பத்து நாலு குத்து குத்தியவன், கேட்ட இடத்தில் சட்டம் பேசினேன். அவர் சீல் இல்லாத தாளையே வீரையனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜூனில் அம்சம் தேறிவிட்டாள், நல்ல மார்க். நர்ஸ் படிப்பு விண்ணப்பத்தை நிரப்பி என் டிராயரில் வைத்திருந்தோம், ஒரு இடம் மட்டும் காலி. கடைசி நாளும் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் தஞ்சாவூரில் சேர்க்க வேண்டும். மணி இரண்டரை. ஆசீர்வாதம் சார் கண்ணாடியைத் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

வீரையன் நாற்றங்காலிலிருந்து நேரே வந்தார், முழங்கால் வரை சேறு. பின்னால் அம்சம். இடுப்பிலிருந்து சாரின் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாலு மாசமா இதை மடியிலயே வச்சிருக்கேன். இதுல சீல் இல்லைதான். ஆனா எழுதினவரு எனக்காகத் தாலுகா ஆபீஸ்ல மூணு நாள் நின்னிருக்காரு. எனக்காக இதுவரைக்கும் யாரும் அப்படி நின்னதில்லை. எங்க சார் போடணும்?"

நான் விண்ணப்பத்தை எடுத்துவைத்து இடத்தைக் காட்டினேன். எழுத்தெழுத்தாகப் போட்டு முடித்துப் பேனாவை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பக்கத்துல ஒரு சீல் குத்துங்க ஐயா."

"இந்தத் தாள்ல சீலுக்கு இடம் இல்லைங்களே."

"குத்துங்க. நாளைக்கு நடவுல ஆள் குறைஞ்சா எனக்கு மனசு மாறும். மாறினாலும் ஒண்ணும் பண்ண முடியாதபடிக்கு இருக்கணும்."

நான் டிராயரைத் திறந்து சீலை எடுத்தேன். மைப்பெட்டியில் நன்றாகத் தோய்த்து, அந்தக் கையெழுத்தின் பக்கத்தில் அழுத்திக் குத்தினேன்.

"இனிமே?" என்றார் வீரையன்.

"இனிமே உங்களாலயும் முடியாது."

அவர் தலையாட்டினார். அம்சம் அழுதுகொண்டிருந்தாள். மை காயும் வரை அந்தத் தாளை யாரும் தொடவில்லை. காய்ந்ததும் ஆசீர்வாதம் சார் அதை எடுத்துக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடினார்.